தண்ணீரா, காற்றா?

அக்கா என்று கூப்பிடலாமில்லையா? ஆன்ட்டி என்றால் இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை. ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள், நன்றி. மடியில் என்ன அது, பத்திரிகைக் கட்டா? பெண்ணுக்குக் கல்யாணமா? பையில் போட்டால் மூலை மடங்கிவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறீர்களாக்கும். நல்ல அக்கறை. இந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்துக்கொள்கிறேனே. பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், கை மரத்துப்போகிறது. பயப்படாதீர்கள், மூடி இறுக்கம். பாருங்கள், தலைகீழாகப் பிடிக்கிறேன். ஒரு சொட்டு விழுகிறதா? விழாது.

நானா? பெயர் கயல். போளூருக்குப் போகிறேன். அண்ணியைக் கூட்டிவர. அதாவது, மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவர. அப்படிச் சொல்லித்தான் அப்பா அனுப்பியிருக்கிறார். மன்னிப்பு! எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள். போளூர் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, முழுக்கச் சொல்கிறேன். நடுநிலையான ஆள் ஒருத்தர்கூட இப்போது எங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால் வந்தது.

என் அண்ணன் வளவனுக்குக் கட்டட டிசைன் வேலை. கட்டப்போகிற வீட்டை, கட்டுவதற்கு முன்னாலேயே சோபா, திரைச்சீலை, பால்கனிச் செடி எல்லாம் வைத்துப் படமாகக் காட்டுவான். ஒரு படம் தயாராவதற்குக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓடவேண்டும். ஓடினால் சூடாகும். சூடானால் ஆற்றவேண்டும். எல்லோர் வீட்டிலும் அதற்கு உள்ளே ஒரு சின்ன ஃபேன் இருக்கும். என் அண்ணன் கல்யாணமான மூன்றாம் மாதம் அந்த ஃபேனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வைத்தான். ஆமாம் அக்கா, தண்ணீர். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். பெட்டியின் தலைமாட்டில் கார் ரேடியேட்டர் மாதிரி ஒன்று, அங்கே போய் ஆறிவிட்டுத் திரும்பும். எதற்கு இந்தக் கூத்து? சத்தம் வராதாம். யாருக்குச் சத்தம் வரக்கூடாது? அண்ணிக்கு.

அண்ணி பெயர் சுகந்தி. கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் படித்துப் பதிவு செய்து கொடுப்பார். சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளைக்கு. நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக ஒரு வீட்டையே ஊமையாக்குவதா? தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு. அண்ணன் சைட்டுக்குப் போயிருப்பான். கம்ப்யூட்டர் அவன் படத்தை ஒருபக்கம் ஓட்டிக்கொண்டே இவர் குரலையும் வாங்கிக்கொள்ளும். வேலூர் வெயிலில் அறையைச் சாத்திக்கொண்டு, மேலே ஃபேன்கூடப் போடாமல் உட்கார்ந்து படிப்பார். அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. டிவி கிடையாது. குக்கர் வைப்பது பன்னிரண்டுக்கு மேல்தான். அம்மா காய்காரரிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசினார். அப்பா தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினார்.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை அக்கா. பேசுகிற வீடு. அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் சண்டையாக முடியாது, பட்டிமன்றமாகத்தான் முடியும். ஊட்டியா ஏலகிரியா, ஹாலுக்கு நீலமா வெள்ளையா, எதுவென்றாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காருவோம். அப்பா நடுவர். கையில் ஆபீஸில் கொடுத்த மேசை மணி. ஆளுக்கு ஏழு நிமிடம். ஆறில் ஒரு தட்டு, ஏழில் இரண்டு தட்டு. தீர்ப்பு வந்தால் வந்ததுதான். ஆறு மாதத்துக்கு அதே விஷயத்தை யாரும் திரும்ப எடுக்கக்கூடாது. அந்த ஆறு மாத விதி நான் கொண்டுவந்தது. பிளஸ் டூ படிக்கும்போதே.

இப்போது எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் வருடம். பேச்சில் மட்டும் பதினொரு கோப்பை. கடைசிக் கோப்பை எதற்குத் தெரியுமா? குடும்பத்தில் பெண்ணின் குரல் கேட்கப்படுகிறதா என்று தலைப்பு. இல்லவே இல்லை என்று பேசினேன். நடுவராக வந்திருந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட என்னை, படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவளை, பத்திலிருந்து பன்னிரண்டுவரை வாயில் விரல்வைத்து உட்காரச் சொன்னால்?

மத்தியானம் அண்ணன் அறையில்தான் உட்கார்ந்து படிப்பேன். ஆதியில் அது என் அறை. கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வலை போட்ட இடம் ஒன்று இருக்கிறது, பாட்டில் வைக்க அம்சமாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவந்து எப்போதும் அங்கேதான் வைப்பேன். மேசையில் வைத்தால் நோட்டு நனைந்துவிடுகிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள். பாட்டிலைக் கையில் எடுக்கிறேன், பெட்டியின்மேல் ஈரம். வட்டமாக. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே அடித்தட்டிலும் இரண்டு சொட்டு. கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீர்! ஒழுகுகிறது அக்கா, ஒழுகுகிறது! நான் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வீடு இன்றைக்கு நின்றிருக்குமா? ஆனால் கத்திக் கூப்பாடு போடவில்லை. போட்டோ எடுத்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தேன்.

தலைப்பு நானே கொடுத்தேன்: வீட்டுக் கணினிக்கு உகந்தது தண்ணீரா, காற்றா? காற்றுக்கு நான். தண்ணீருக்கு அண்ணன் பேசியிருக்கவேண்டும். "அவளுக்காகத்தானே வெச்சேன், அவளே பேசட்டும்" என்று நழுவிவிட்டான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெண்ணுக்காக ஓர் ஆண் ஏன் பேசவேண்டும்? அவர் குரல், அவர் பேசட்டும். சம வாய்ப்பு.

அண்ணி எழுந்து நின்றார். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"மாமா, பின்னால சத்தம் இருந்தா ரெக்கார்டிங்க எடுத்துக்கமாட்டாங்க. புள்ளைங்க காதுல மாட்டிக் கேக்கறாங்க. அதுங்களுக்கு ஜூன்ல துணைத்தேர்வு. இன்னும் ஆறு பாடம் பாக்கி. மே கடைசிக்குள்ள குடுத்துட்டா என்னை நிரந்தரமா வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நான் இதுக்கு முன்னாடி வேற எதுலயும் தேறுனதில்ல மாமா. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச ஆறு நிமிடத்தை வீணாக்கினார். கையில் ஒரு குறிப்புக்கூட இல்லை.

நான் எழுந்தேன். "நடுவர் அவர்களே! பத்து நாளைக்கு ஒருக்கா குடிதண்ணி வர்ற ஊரு இது. தெருவுல குடம் வரிசையில நிக்குது. நம்ம வீட்டுல ஒரு பொட்டி ஜம்முனு குளிச்சுக்கிட்டு இருக்கு!"

அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். உள்ளே இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை, அதுவும் ஒருமுறை அடைத்ததுதான். தெரியும். ஆனால் மேடையில் அதெல்லாம் எடுபடாது அக்கா. அடுத்து போட்டோவைக் காட்டினேன். கரண்டும் தண்ணீரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துமா என்று கேட்டேன். அம்மா, "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தார். அதற்கப்புறம்தான் என் முத்தாய்ப்பு.

அண்ணி படிக்கும்போது, பார்க்க முடியாத பிள்ளைகளுக்காகப் புத்தகத்தில் இருக்கிற படத்தையும் சொல்லுவார். படத்தில் ஒரு கோட்டை உள்ளது, கோட்டையின் முன் இரண்டு யானைகள் உள்ளன என்று, ஒவ்வொரு சொல்லாக, பூத்தொடுக்கிற மாதிரி. அந்தக் குரலை அப்படியே எடுத்தேன்.

"படத்தில் ஒரு கம்ப்யூட்டர் உள்ளது. அது நனைந்துள்ளது. அதன் அருகில் ஒரு மருமகள் உள்ளார். அவர் நம் அனைவரையும் வாயை மூடச் சொல்கிறார்."

வீடே அதிர்ந்தது அக்கா. அம்மா சிரித்தார். அப்பாவுக்குப் புரையேறியது. அண்ணன்கூடச் சிரித்தான். நிஜமாக. அண்ணி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை இல்லை.

ட்ரிங், ட்ரிங்.

அப்போது அண்ணி மறுபடி எழுந்தார். "மாமா, அந்த ஈரம் கயலோட பாட்டில்லேர்ந்து..."

"நேரம் முடிஞ்சுது சுகந்தி," என்றார் அப்பா. "மணிக்கு அப்புறம் பேசினா கணக்குல வராதும்மா."

என்னவோ பாட்டிலைப் பற்றிச் சொல்லவந்தார். என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மணிக்கு அப்புறம் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். தீர்ப்பு: காற்று.

கணியம்பாடி தாண்டிவிட்டோமா? என்ன அக்கா, பத்திரிகைக் கட்டை நகர்த்துகிறீர்கள்? பாட்டில் விழுந்துவிடப் போகிறது. அப்படியே இருக்கட்டும்.

மறுநாளே தஸ்தகீர் அண்ணனை வரவழைத்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர், எங்கள் தெருதான். கழற்றிக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். குழாயைத் தடவிப் பார்த்தார்.

"பாப்பா, இது சீல் போட்டது. ஒரு சொட்டு வெளிய வரல. ஈரம் மேலேர்ந்து எறங்கியிருக்கு. பொட்டி மேல ஏதாச்சும் வெப்பீங்களா?"

"ஒண்ணும் வெக்கமாட்டோம். என் தண்ணி பாட்டில் மட்டுந்தான்."

"அதாம்மா!"

"அதான்னா? மூடி இறுக்கம்ண்ணே." அவருக்கும் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. அவர் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன படிக்கற பாப்பா நீ?"

"இயற்பியல்."

அதற்கப்புறம் அவர் பாட்டில் பேச்சையே எடுக்கவில்லை. படிப்பைச் சொன்னால் ஆண்கள் சிலபேர் இப்படித்தான் அடங்கிப்போவார்கள். ஃபேனை மாட்டினார். பெட்டி ஒல்லி, பெரிய ஃபேன் உள்ளே போகாது, சின்னதுதான் போகும், கொஞ்சம் கத்தும் என்றார். கத்தட்டும் என்றேன்.

கத்தியது. அக்கினி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள், அண்ணன் படத்தை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பினான் பாருங்கள், காலி மிக்ஸி ஜாரை ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது இனித்தது என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுக்குத் திரும்ப உயிர் வந்த மாதிரி. நானும் டிவியைப் போட்டேன். இனிமேல் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

அண்ணி மூன்று பாடம் படித்து அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. பின்னணியில் இரைச்சல் என்று எழுதியிருந்தார்களாம். அண்ணனிடம் போய், இரண்டு மணி நேரம் அவன் படத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டார். "பார்ட்டி கழுத்துல கத்திய வெக்கறான் சுகந்தி, ரெண்டு வாரம் பொறுத்துக்க" என்றான். அப்புறம் அப்பாவிடம் போய், இன்னொரு தடவை ஞாயிற்றுக்கிழமை பேசலாமா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆறு மாத விதியை ஞாபகப்படுத்தினேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. நவம்பரில் பேசலாம் அண்ணி, குறிப்பெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு தயாராக வாருங்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

என்னவோ நான் அவரைத் துரத்திய மாதிரி இப்போது பேசுகிறார்கள். சாமான் அறைக்குள் போய் உட்காரச் சொல்லி யார் சொன்னது? நானா சொன்னேன்?

பின்கட்டில் ஒரு சாமான் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது, மேலே சிமெண்ட் ஷீட். வீட்டிலிருந்த மெத்தைகளை எல்லாம் இழுத்துப்போய்ச் சுற்றிலும் நிறுத்தி, கதவுக்கும் ஒரு மெத்தையைச் சாய்த்து, நடுவில் போனை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மே மாதம். பத்திலிருந்து பன்னிரண்டு. முதல் நாள் வெளியே வந்தபோது குளித்துவிட்டு வந்த மாதிரி புடவை முழுக்க நனைந்திருந்தது. "சூப்பரா விழுந்திருக்கு கயலு, ஒரு சத்தம் இல்ல" என்று என்னிடமே வந்து சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. தோற்றவர் தோற்றவர் மாதிரி இருக்கவேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் நான் பின்கட்டில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அங்கே வேப்பமர நிழல், காற்று வரும். உள்ளே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. படத்தில் ஒரு துறைமுகம் உள்ளது. கொஞ்சம் இடைவெளி. படத்தில் ஒரு துறைமுகம் உள்ளது. மறுபடி இடைவெளி. மூன்றாம் தடவையும் அதே துறைமுகம். தப்புவிட்டுத் தப்புவிட்டுத் திருத்துகிறார் என்று நினைத்தேன். அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்.

"கயலு... கொஞ்சம் தண்ணி..."

நான் என்ன சொன்னேன்? விளையாட்டாக ஒன்று சொன்னேன். "தண்ணியா? காத்துதானே ஜெயிச்சுது அண்ணி!" அப்புறம், "பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும் யாரும் பேசக்கூடாது, நீங்க போட்ட ரூல்" என்றேன். அவ்வளவுதான். நல்ல நகைச்சுவை அக்கா அது, இடம் பார்த்து விழுந்தது. அவரும் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நான் படிப்பைப் பார்த்தேன். அன்றைக்கு நிறையப் படித்தேன். அவ்வளவு அமைதி.

பன்னிரண்டு அடித்துக் குக்கர் வைக்கப்போன அம்மாதான் தேடினார். கதவு திறக்கவில்லை. உள்ளே மெத்தை சாய்ந்து, மெத்தைமேல் இவர் சாய்ந்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தள்ளினார்கள். வெயில் தாக்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சுக் கொடுத்தார்கள். மிச்சப் பாடத்தை அந்த அறக்கட்டளைக்காரர்கள் திருச்சியில் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம், வேலையும் அவருக்கே என்று கேள்வி. அவர்களையும் குறை சொல்லமுடியாது. தேர்வு காத்திருக்குமா? அண்ணியின் அப்பா ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவரைப் போளூருக்குக் கூட்டிப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதுவரை என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் கயல், பயந்துபோயிருக்கிறாள் என்றுதான் அம்மா எனக்கு விபூதி வைத்துவிட்டார். அப்புறம் அண்ணன் அந்தப் போனை எடுத்துக் கேட்டிருக்கிறான். யாரும் நிறுத்தவில்லை இல்லையா, சார்ஜ் தீருகிறவரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் வைத்துப் போட்டான். முதல் தடவையாக ஏழு நிமிட விதியை மீறினார்கள். முழு ஒரு மணி ஐம்பது நிமிடம். அப்பா கையில் மணி இருந்தது, தட்டவே இல்லை. துறைமுகம் மூன்று தடவை வந்தது. அவர் தண்ணீர் கேட்டது வந்தது. நான் சொன்னது வந்தது. அதற்கப்புறம் அவர் குரல் வரவில்லை, என் சத்தம் மட்டும்தான். பக்கம் புரட்டுவது. போனில் எதையோ பார்த்துச் சிரிப்பது. பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று நான் குடிப்பது. மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது, நல்ல மைக்.

நான் எழுந்தேன். "நடுவர் அவர்களே, இதை முன்னபின்ன சேர்த்துப் பாக்கணும். ஒரு வரிய மட்டும் பிச்செடுத்து..."

"ஒக்காருடி," என்றார் அப்பா.

என் அப்பா என்னை டி போட்டதே இல்லை அக்கா. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட.

"வாதம் கெடையாது. தீர்ப்பும் கெடையாது. போய் அந்தப் பொண்ணு கால்ல விழுந்து கூட்டிட்டு வா. வரலேன்னா நீயும் வராத."

அண்ணன் அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டிருந்தான். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இதற்காகவா நான் இவ்வளவு தூரம் போராடினேன்? என் தரப்பைச் சொல்ல ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் கொடுத்தார்களா? குடும்பத்தில் பெண்ணின் குரல் கேட்கப்படுவதே இல்லை என்று நான் மேடையில் சொன்னேன் பாருங்கள், அது இதுதான்.

கண்ணமங்கலம் எப்போதோ போய்விட்டதே! பேச்சில் தெரியவில்லை. ஆனால் நான் வெறும் கையோடு போகவில்லை அக்கா. காலில் விழுவதெல்லாம் எனக்கு வராது, அது கொள்கை. ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்துவைத்திருக்கிறேன், நாலு குறிப்பு. சாமான் அறைக்கு அவர் தானாகப் போனது ஒன்று. மெத்தையைக் கதவில் சாய்த்தது இரண்டு. மிச்சத்தை அங்கே வைத்துக்கொள்கிறேன். அண்ணி நன்றாகக் கேட்டுக்கொள்வார். குழாய் போட்டதில் தொண்டை புண்ணாகி, ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்கப்புறமும் பழைய குரல் வருமா என்று தெரியாதாம். ஒரு விதத்தில் நல்லதுதான், இந்தத் தடவை மணிக்கு அப்புறம் எழுந்து குழப்பமாட்டார்.

அதோ போளூர் வந்துவிட்டது. பாட்டிலைக் கொடுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்.

அட, என்ன அக்கா இது! பத்திரிகையெல்லாம் நனைந்து கிடக்கிறதே! மேலே ஏழெட்டு ஊறியே போய்விட்டது. உங்கள் பெண் பெயர்மேலேயே வட்டமாக. மை கரைந்து மாப்பிள்ளை பெயரோடு சேர்ந்துவிட்டது பாருங்கள். உங்கள் பையில் ஏதோ ஒழுகுகிறது. சாப்பாட்டு டப்பாவா? கல்யாண வேலையில் இருக்கிறவர் இப்படிக் கவனமில்லாமல் இருக்கலாமா? நான் பார்த்ததால் ஆயிற்று, இல்லாவிட்டால் கட்டு முழுக்கப் போயிருக்கும்.

என்ன? என் பாட்டிலா? அதான் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேனே!

விசில் கொடுத்துவிட்டார் அக்கா. இனிமேல் சொன்னால் கணக்கில் வராது. வழி விடுங்கள், இறங்கவேண்டும்.